சுண்ணாம்பா, அழற்சியா? நெற்றிப்பொட்டு பயாப்சி குழப்பும்போது எந்த வழியில் போவது

போன தை மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். 74 வயது அப்பத்தாவின் நெற்றிப்பொட்டுத் தமனியில் எடுத்த பயாப்சி (திசுத் துண்டுப் பரிசோதனை) அறிக்கையை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "அழற்சின்னும் போட்டிருக்கு, கால்சியம்னும் போட்டிருக்கு. ரெண்டுல எதுங்கய்யா? அப்பச்சி சிங்கப்பூர்லேருந்து தினமும் போன் பண்ணிக் கேக்குறாக" என்றார். அப்பச்சி என்றது தன் தந்தையை. அறிக்கையின் கடைசிப் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: தமனியின் நடுச்சுவரில் கால்சியம் படிந்திருக்கிறது, அதை ஒட்டி ராட்சத செல்கள் தெரிகின்றன, ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கக்கூடும், நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும்.

அந்தச் "சேர்த்துப் பார்க்கவும்" என்ற இடத்தில்தான் குடும்பங்கள் திகைத்து நிற்கின்றன. ஒரு மருத்துவர் ஸ்டீராய்டை இரண்டு வருடம் தொடரச் சொல்கிறார். இன்னொருவர் மறுபக்கத்து நெற்றியிலும் வெட்டி எடுக்கலாம் என்கிறார். மூன்றாமவர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். சொந்தக்காரர் ஒருவர், "வெறும் சுண்ணாம்புதானே, மாத்திரையை நிறுத்து" என்கிறார். காரைக்குடிப் பக்கம் 22 வருடமாக நுண்ணோக்கியில் திசுத் துண்டுகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவன் என்ற முறையில், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் கோளாறு இல்லாத பெரும்பாலானவர்களுக்கு, மாத்திரையை நிறுத்தாமல், ஏற்கெனவே எடுத்த அதே துண்டை மறுபடி வெட்டிப் பார்க்கச் சொல்வதுதான் முதல் படி. ஏன் என்பது கீழே.

## குழப்பம் எங்கிருந்து வருகிறது

நெற்றிப்பொட்டில் விரலை வைத்தால் துடிக்கிறதே, அந்தத் தமனியில் வரும் அழற்சிக்கு ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று பெயர். 50 வயதுக்கு மேல்தான் வரும், 70-களில் அதிகம், பெண்களுக்குக் கூடுதல். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நிறையக் காணப்படுவது, நம் நாட்டில் அரிது. 1932-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பேயார்ட் ஹார்ட்டனும் உடனிருந்தவர்களும் இதைத் திசுப் பரிசோதனையோடு விவரித்தார்கள். இதில் பயப்பட வேண்டியது கண்ணைப் பற்றித்தான். கண் நரம்புக்குப் போகும் குழாய் அடைத்தால் பார்வை போய்விடும், போனது பெரும்பாலும் திரும்பாது. ஒரு கண் போன பிறகு சிகிச்சை தொடங்காவிட்டால், மற்ற கண்ணும் சில நாள்களில் போகலாம்.

இன்னொரு பக்கம், 1903-ல் ஜெர்மானிய நோய்க்கூறு அறிஞர் மோன்கெபெர்க் விவரித்த நடுச்சுவர்ச் சுண்ணாம்புப் படிவு. வயது கூடக்கூட, சர்க்கரை நோய் நீடிக்க நீடிக்க, சிறுநீரகம் பழுதாகப் பழுதாக, தமனியின் நடுச்சுவரில் கால்சியம் படிகிறது. கொழுப்பு அடைப்பைப் போல உள்வழியை இது பெரிதாக அடைப்பதில்லை. குழாய் மட்டும் விறைத்துப்போகும். கால் எக்ஸ்ரேயில் ரயில் தண்டவாளம் போல இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான்.

இரண்டும் எப்படி ஒன்றுபோலத் தெரிகின்றன? தமனியின் உட்பக்கத்தில் மீள்தன்மையுள்ள ஒரு படலம் உண்டு. குறுக்காக வெட்டிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், கண்டாங்கிச் சேலையின் கொசுவம் போல அலையலையாக மடிந்து தெரியும். வயதானவர்களுக்குக் கால்சியம் பெரும்பாலும் இந்தப் படலத்தை ஒட்டியே படியத் தொடங்குகிறது. படிந்த இடம் விறைத்து, ஓடு ஓடாக உடைகிறது. உடைந்த சில்லை, காலில் தைத்த முள்ளைப் போல உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துக்கொள்கிறது. அதைத் தின்று தீர்க்கத் துப்புரவு செல்கள் வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து ராட்சத செல்களாகின்றன. ஆர்ட்டரைட்டிஸில் ராட்சத செல்கள் உட்காரும் இடமும் அந்தப் படலத்தின் ஓரமேதான். படலம் உடைந்திருப்பதும் இரண்டிலும் பொது. அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

நானும் அப்படி ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மூதாட்டியின் துண்டில் ராட்சத செல்லைப் பார்த்ததும் ஆர்ட்டரைட்டிஸ் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டார். வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பழைய ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். ராட்சத செல்கள் எல்லாம் சுண்ணாம்புச் சில்லைக் கட்டிக்கொண்டே இருந்தன. வெளியுறையில் அழற்சி செல் ஒன்றுகூட இல்லை. அந்த ஸ்லைடை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது கண். நாம் விடை தேடிக்கொண்டிருக்கும் நாள்களில் பார்வைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, அந்த உடம்பு எதைத் தாங்கும் என்பது. சர்க்கரை எவ்வளவு, எலும்பு எப்படி, முன்பு காசநோய் வந்ததா, கண் அழுத்தம் உண்டா. சுண்ணாம்பு படிந்த தமனி உள்ளவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரை நோயாளிகள். ஸ்டீராய்டு மிக அதிகமாகத் தொல்லை கொடுப்பதும் அவர்களுக்குத்தான்.

மூன்றாவது காலம். ஸ்டீராய்டு தொடங்கிய நாளிலிருந்து தடயங்கள் அழியத் தொடங்குகின்றன. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒவ்வொரு கெடு உண்டு.

நான்காவது, அதே கால்சியம் அடுத்த பரிசோதனையையும் குழப்புமா என்பது. இதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை.

ஐந்தாவது நம் ஊருக்கே உரிய கேள்வி: வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். இத்தனை பெரிய வீட்டில் ஆச்சியும் சமையலுக்கு ஒரு அம்மாவும் மட்டும். மாதாமாதம் அளவு மாறும் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது? இரவில் சர்க்கரை ஏறினால் யார் கவனிப்பது? மருந்துச்சீட்டில் இதற்கு இடமில்லை, ஆனால் சிகிச்சை தோற்பது பல சமயம் இங்கேதான்.

| வழி | விடை எப்போது | அதுவரை கண் | உடம்புக்கு என்ன விலை | கால்சியம் குழப்புமா |
|---|---|---|---|---|
| ஸ்டீராய்டைத் தொடர்வது | விடையே இல்லாமல் போகலாம் | பாதுகாப்பு | அதிகம் | கேள்வி அப்படியே நிற்கும் |
| அதே துண்டை மறுபார்வை | சில நாள் முதல் ஒரு வாரம், பத்து நாள் | மாத்திரை தொடர்ந்தால் பாதுகாப்பு | எதுவும் இல்லை | பிரித்துச் சொல்வதற்கே இது |
| மறுபக்க பயாப்சி | ஒரு வாரம், பத்து நாள் | மாத்திரை தொடர்ந்தால் பாதுகாப்பு | சிறு அறுவை | அங்கும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம் |
| ஸ்கேன் | அன்றே, அல்லது ஓரிரு நாள் | மாத்திரை தொடர்ந்தால் பாதுகாப்பு | அல்ட்ராசவுண்டுக்கு இல்லை | ஓரளவு குழப்பும் |
| நிறுத்திவிடுவது | இல்லை | ஆபத்து | திடீரென நிறுத்தினால் தனி ஆபத்து | பொருந்தாது |

## வழி 1: அழற்சி என்றே வைத்துக்கொண்டு ஸ்டீராய்டைத் தொடர்வது

வழக்கமாக பிரெட்னிசோலோன் நாளுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை தொடங்குவார்கள். வைசோலோன் என்று கடையில் கேட்பீர்கள், அதுதான். பார்வை பாதித்திருந்தால் முதல் மூன்று நாள் மெத்தில் பிரெட்னிசோலோனை சிரை (ரத்தக்குழாய்) வழியாக ஏற்றுவார்கள். பிறகு மெல்ல மெல்லக் குறைத்து, இரண்டு மூன்று மாதத்தில் 15–20 மில்லிகிராமுக்கும், ஒரு வருட முடிவில் 5 மில்லிகிராமுக்கோ அதற்குக் கீழோ கொண்டுவருவது குறிக்கோள். ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேல்.

இந்த வழியின் பெரிய பலம் கண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. நோய் உண்மையாகவே இருந்தால் இதைவிட நல்லது வேறில்லை. தலைவலி ஒன்றிரண்டு நாளில் விட்டுப்போகும்.

ஆனால் அந்த நிம்மதியில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டீராய்டு எந்த வலியையும் கொஞ்சம் குறைக்கும், பசியைத் தூண்டும், உற்சாகம் தரும். "மாத்திரை போட்டதும் அப்பத்தா எழுந்து உக்காந்துட்டாக, அதனால நோய் இதுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மாத்திரைக்குக் குணமானதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் பின்னால் ஒவ்வொன்றாக வரும். 180 இருந்த சர்க்கரை 350-ஐத் தாண்டி இன்சுலின் தேவைப்படலாம். எலும்பு தேயும். கண்புரை வேகமாக வளரும், கண் அழுத்தம் கூடும். தொடைத் தசை மெலிந்து, சம்மணமிட்டு உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. எங்கோ அடங்கிக் கிடந்த காசநோய் மறுபடி தலைதூக்கலாம். ஆகவே தொடர்வது என்று முடிவானால், நெஞ்சு எக்ஸ்ரே, சர்க்கரை, எலும்பு அடர்த்தி, கண் அழுத்தம் ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே பார்த்துவைக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க உதவும் டோசிலிஸுமாப் என்ற ஊசிக்கு 2017-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்காக அனுமதி கிடைத்தது. விலை அதிகம். போட்டுக்கொண்டால், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு தானாகவே அடங்கிவிடுவதால், அதை வைத்து நோயை அளப்பதும் கடினம். நோய் உறுதியாகத் தெரியாதவருக்கு அதைப் பற்றி இப்போதே பேசத் தேவையில்லை.

யாருக்கு இது சரி? கண் மங்கியவருக்கு, ஒரு கண்ணில் திரை விழுந்தது போல வந்து போனவருக்கு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தவருக்கு. சீப்புச் சீடையை நாலு கடி கடித்ததும் தாடை வலித்து, நிறுத்தினால் விட்டு, மறுபடி மென்றால் மறுபடி வலிக்கிறது என்பவருக்கு. தலை சீவும்போது சீப்பு பட்டாலே உச்சி நோகிறது என்பவருக்கு. தோளும் இடுப்பும் காலையில் பிடித்துக்கொண்டு, புரண்டு படுக்கவே ஒருவர் துணை தேவைப்படுகிறவருக்கு. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து, அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகளான இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்தால், பயாப்சி என்ன சொன்னாலும் மாத்திரையைத் தொடருவதே நல்லது. அவர்களுக்கும் மறுபார்வை கேட்கலாம், ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இ.எஸ்.ஆர். பற்றி ஒரு வார்த்தை. வயதானால் அது இயல்பாகவே ஏறும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது பழைய கணக்கு. 74 வயது அப்பத்தாவுக்கு 42 வரை பெரிய விஷயமில்லை. ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்த் தொற்று என எது இருந்தாலும் அது எகிறும்.

## வழி 2: அதே துண்டை மறுபடி வெட்டி, வேறொருவரும் பார்ப்பது

குடும்பங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இது. அறுவை மருத்துவர் எடுத்த தமனித் துண்டு முழுவதும் பரிசோதனையில் தீர்ந்துபோவதில்லை. ஃபார்மலினில் ஊறிய பிறகு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, மெழுகில் புதைத்துக் கட்டியாக வைக்கிறோம். அதிலிருந்து மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவி எடுத்த சில தாள்கள்தான் ஸ்லைடில் இருக்கின்றன. மீதி அப்படியே மெழுகுக்குள் இருக்கும். நல்ல ஆய்வுக்கூடங்கள் பல வருடம் பத்திரப்படுத்துவார்கள்.

அழற்சி தமனி முழுவதும் சீராகப் பரவியிருக்காது. இங்கே இருக்கும், மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்காது. ஆகவே கட்டியை ஆழமாகச் சீவி, பல மட்டங்களில் பார்த்தால் முதல் ஸ்லைடில் தெரியாதது தெரியலாம்.

மறுபார்வையில் நான் எதைத் தேடுவேன் என்று சொல்கிறேன், கேள்வி கேட்க உங்களுக்கு உதவும். ராட்சத செல் கால்சியச் சில்லைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறதா, அல்லது சில்லே இல்லாத இடத்திலும் இருக்கிறதா? தமனியின் வெளியுறையில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா? ஆர்ட்டரைட்டிஸ் பெரும்பாலும் வெளியுறையிலிருந்து உள்ளே வருவது. சுண்ணாம்பு எதிர்வினையில் வெளியுறை அமைதியாக இருக்கும். உள்வழி திறந்திருக்கிறதா, தடித்து ஊசித்துளை போலச் சுருங்கியிருக்கிறதா? மீள்படலச் சாயம் போட்டால் படலம் எங்கே உடைந்திருக்கிறது, அந்த இடத்தில் கால்சியம் உண்டா? சி.டி.3, சி.டி.68 சாயங்கள் போட்டால் எந்த வகை செல் எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல முடியும்.

கால்சியத்தைக் காட்ட வான் கோசா என்ற வெள்ளிச் சாயம் உண்டு. படிந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஆனால் ஒரு நுணுக்கம். கால்சியம் கத்தியைக் கெடுத்துத் தாளைக் கிழித்துவிடும் என்பதால், சில கூடங்களில் துண்டை அமிலத்தில் ஊறவைத்து முதலிலேயே கால்சியத்தைக் கரைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வான் கோசா போட்டால் ஒன்றும் தெரியாது. "கால்சியம் இல்லை" என்று அறிக்கை வந்தால், துண்டை அமிலத்தில் போட்டார்களா என்று கேளுங்கள். வழக்கமாகப் போடும் ஹெமடாக்சிலின் இயோசின் சாயத்திலேயே கருநீலமாகத் தெரிந்திருக்கும், பழைய ஸ்லைடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. சுண்ணாம்பும் அழற்சியும் ஒரே குழாயில் சேர்ந்தே இருக்கலாம். கால்சியம் தெரிந்ததாலேயே அழற்சி இல்லை என்று ஆகிவிடாது. பள்ளத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மெழுகுக் கட்டியை நான் ஆழமாகச் சீவியபோது, எட்டாவது மட்டத்தில் வெளியுறை முழுக்க லிம்ஃபோசைட். முதல் ஸ்லைடில் வெறும் சுண்ணாம்பு. அவருக்கு மாத்திரையைத் தொடர்ந்ததுதான் சரி.

செலவு? ஒரு ஸ்கேன் செலவில் சிறு பங்கு. வலி இல்லை, வெட்டு இல்லை. கெடுவும் இல்லை, ஏனென்றால் மெழுகில் இருப்பது ஸ்டீராய்டு தொடங்கிய காலத்துத் தமனி. அது மாறப்போவதில்லை. மறைமுகச் செலவு அலைச்சல்தான். மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்ப வேண்டியிருந்தால் இரண்டுமே இங்கிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நோயாளி போக வேண்டியதில்லை, கட்டியும் ஸ்லைடும் போனால் போதும். எழுத்தில் கேட்டுக் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

அனுப்பும்போது நோயாளியின் வயது, சர்க்கரை, சிறுநீரகக் கிரியேட்டினின், பார்வை நிலை, ஸ்டீராய்டு தொடங்கிய தேதி, துண்டு எடுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். கையில் நெற்றிப்பொட்டுத் தமனி என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதும் நிலை எத்தனையோ தடவை எனக்கு வந்திருக்கிறது. அது நோயாளிக்கு நியாயமில்லை.

## வழி 3: மறுபக்க நெற்றியில் பயாப்சி

மரத்துப்போக ஊசி போட்டு, முடியோரம் சிறு கீறல், அரை மணி நேர வேலை. பெரும்பாலும் தொந்தரவில்லை. எப்போதாவது ரத்தக்கட்டு, சீழ். புருவத்தைத் தூக்கும் நரம்புக் கிளை அந்தப் பக்கமாக ஓடுகிறது. அது அடிபட்டால் புருவம் தொங்கும்.

முதல் பக்கத்தில் கிடைக்காதது மறுபக்கத்தில் கிடைப்பது நூற்றில் ஒரு சிலருக்கே. சுண்ணாம்புப் படிவு உள்ளவருக்கு இன்னொரு தடையும் உண்டு. அது உடம்பெங்கும் உள்ள குழாய்களில் படிவது, மறுபக்கமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதே குழப்பத்தை இன்னொரு தடவை வாங்கிவருவதற்கு வாய்ப்பு அதிகம்.

முதல் துண்டு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலோ, தமனிக்குப் பதில் நரம்போ சிரையோ வந்திருந்தாலோ, மறுபக்கம் எடுப்பது நியாயம். அப்போதும் ஸ்டீராய்டு தொடங்கி இரண்டு வாரத்துக்குள் எடுப்பது நல்லது. அறிகுறிகள் வலுவாக இருந்து, மறுபார்வையிலும் எதுவும் கிடைக்காதவருக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

## வழி 4: ஸ்கேன்

அல்ட்ராசவுண்டில், வீங்கிய தமனிச் சுவர் உள்வழியைச் சுற்றி இருண்ட வளையமாகத் தெரியும். பிரிட்டனை மையமாக வைத்து 381 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான டாபுல் ஆய்வில், நோயுள்ளவர்களில் 54 சதவீதம் பேரிடம் அல்ட்ராசவுண்டு நோயைக் காட்டியது, பயாப்சி 39 சதவீதம் பேரிடம்தான். நோயில்லாதவரை இல்லை என்று சரியாகச் சொன்னதில் பயாப்சி 100, அல்ட்ராசவுண்டு 81. அதே ஆய்வில் ஒரே துண்டைப் பல நிபுணர்களிடம் காட்டியபோது எல்லோரும் ஒத்துப்போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மறுபார்வை கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது. இது மனிதக் கண் பார்த்துச் சொல்லும் பரிசோதனை.

ஐரோப்பிய வாதநோய்ச் சங்கம் 2018-லிருந்து அல்ட்ராசவுண்டையே முதலில் செய்யச் சொல்கிறது. அமெரிக்காவின் 2021 வழிகாட்டுதல் பயாப்சியை முன்னால் வைத்தது. இரண்டு பேருமே சொல்லும் காரணம் ஒன்றுதான்: அங்கங்கே யார் கை பழகியிருக்கிறது என்பது. நம் பகுதிக்கு அதுவே பெரிய கேள்வி. இதற்கு 15 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள புரோப் (தோலில் வைத்துப் பார்க்கும் நுனி) தேவை. கருவி இருந்தாலும், நெற்றிப்பொட்டுத் தமனியை அடிக்கடி பார்க்கிறவர் பார்க்க வேண்டும். வயிற்று ஸ்கேனில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இது வேறு வேலை.

கெடு மிகக் குறைவு. ஸ்டீராய்டு தொடங்கிய சில நாள்களிலேயே வளையம் மங்கத் தொடங்கும். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு எடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை என்றால், அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கால்சியம் வெளிச்சமாகத் தெரிந்து, பின்னால் நிழல் விழுத்தும். அது நமக்கு நல்ல தடயம். ஆனால் கொழுப்பு படிந்து தடித்த சுவர், அழற்சி வளையம் போலவே ஏமாற்றலாம். அக்குளுக்குள் போகும் தமனியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் ஏமாற்றம் குறையும்.

பெட் ஸ்கேன் பெரிய குழாய்களின் அழற்சியைக் காட்டும். மாத்திரை தொடங்கி மூன்று நாளுக்குள் எடுத்தால் பலன் அதிகம். அன்று சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். செலவைப் பார்த்தால், காரணமில்லாமல் எடை குறைந்து காய்ச்சல் விடாதவருக்கு மட்டும் யோசிக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால், இரண்டு பாதங்களுக்கும் சாதாரண எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுங்கள். எந்த ஊரிலும் கிடைக்கும். விரல்கள் வரைக்கும் தண்டவாளக் கோடு ஓடினால், இவர் உடம்பே சுண்ணாம்பு படியும் உடம்பு என்று தெரிந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பயாப்சி அறிக்கையைப் படித்தால், அதே வரிகள் வேறு மாதிரித் தெரியும். அழற்சி இல்லை என்று இது நிரூபிக்காது, ஆனாலும் மறுபார்வை பார்க்கிறவருக்கு இதைவிட உதவியான தாள் வேறில்லை.

## மாத்திரையை நிறுத்திவிடுவது

தானாக நிறுத்துவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தன் சொந்தச் சுரப்பைத் தூங்கவிட்டிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தி எடுத்து, ஆள் துவண்டுபோவார். மறுபார்வையும் அறிகுறிகளும் சுண்ணாம்பையே காட்டினால், மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக் கொண்டுவருவார். பாதி தூரத்தில் தலைவலி திரும்பினாலோ கண் மங்கினாலோ, அன்றே போய்ச் சொல்ல வேண்டும்.

## சுண்ணாம்புதான் என்று முடிவானால்

"வெறும் சுண்ணாம்புதானே" என்று விட்டுவிடக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அந்தப் படிவே குழாயை அடைத்து, தலைவலியும் பார்வைக் குறைவும் தந்து ஆர்ட்டரைட்டிஸ் போலவே நடித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவர்களுக்கு ஸ்டீராய்டு நல்லதும் செய்யாது. கிரியேட்டினின், கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்க வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் சாப்பிட்டால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். குழாயில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஒரு புரதத்துக்கு வைட்டமின் கே தேவை, இந்த மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், பக்கவாதம் வரலாம்.

கால் ரத்த ஓட்டத்தை அளக்க, கணுக்காலிலும் கையிலும் அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். சுண்ணாம்பு படிந்த குழாய் பட்டைக்கு அமுங்காது. எண் 1.4-க்கு மேலே வந்து "ரத்த ஓட்டம் அருமை" என்று தோன்றும். கால்விரலில் அளந்தால்தான் உண்மை தெரியும். பாதத்தில் ஆறாத புண் இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஆச்சிமார் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பா இது? இல்லை ஆச்சி. குழாய்ச்சுவரின் தசை செல்களே எலும்பு செல் போல மாறி, ரத்தத்தில் உள்ள கால்சியத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் வருவது. முதுமையும் சர்க்கரையும் சிறுநீரகமும்தான் காரணம். வெற்றிலை பாக்கை விடுவதற்கு வாய்ப் புற்று என்ற வேறு பெரிய காரணம் இருக்கிறது.

தேவகோட்டை அப்பத்தாவின் மெழுகுக் கட்டியை வரவழைத்து, பன்னிரண்டு மட்டம் சீவிப் பார்த்தேன். வெளியுறை எல்லா மட்டத்திலும் சுத்தம். உள்வழி விரிந்தே இருந்தது. ராட்சத செல்கள் மொத்தம் ஐந்து, ஐந்தும் சுண்ணாம்புச் சில்லின் மேல். பாத எக்ஸ்ரேயில் கட்டைவிரல் வரை தண்டவாளம். கண் மருத்துவர் பார்த்து நரம்பு நன்றாக இருக்கிறது என்றார். 78 இருந்த இ.எஸ்.ஆருக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று. அதைக் குணப்படுத்தியதும் 40-க்கு வந்தது. மாத்திரை பங்குனியில் 40 மில்லிகிராமிலிருந்து குறையத் தொடங்கி, ஆடிக்கு முன்னால் நின்றது. ஒவ்வொரு வாரமும் எத்தனை மாத்திரை என்று அந்தத் தம்பி பெரிய எழுத்தில் ஒரு அட்டை எழுதி, சமையல்கட்டில் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சிங்கப்பூர் அப்பச்சிக்கும் அதே அட்டையின் படம் வாட்ஸ்அப்பில் போனது. சமைக்கும் அம்மா ஒவ்வொரு நாளும் அதில் கோடு போட்டு வந்தார். ஒரு நாளும் தவறவில்லை.